டிப் சரியில்லை சார்!

உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனிதருக்கு அநியாயம் செய்ய முடியுமா?

'முடியாது' என்பவர்கள் மேலே படியுங்கள். 'ஏன் முடியாது?' என்று சட்டென்று கேட்டவர்கள் அனுபவஸ்தர்கள். நீங்களும் படியுங்கள், துணைக்கு ஒரு ஆள் கிடைத்த நிம்மதியாவது மிஞ்சும்.

நான் செய்திருக்கிறேன். 1994-ல். மூன்றே மூன்று வார்த்தையில்.

"டிப் சரியில்லை சார்."

டிப் என்றதும் ஹோட்டல் சர்வருக்கு வைக்கிற சில்லறை ஞாபகம் வந்தால் அழித்துவிடுங்கள். பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் ஆடுகிற நீளமான கம்பு இருக்கிறதல்லவா, க்யூ? அதன் நுனியில் ஒரு சின்னத் தோல் வில்லை ஒட்டியிருக்கும். அதுதான் டிப். பூல் க்யூ என்றால் சுமார் 13 மில்லிமீட்டர் அகலம், ஸ்நூக்கர் என்றால் 9, 10 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. கம்பு எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியதாக இருந்தாலும் சரி, பந்தைத் தொடுவது அந்தப் பொத்தான் மட்டும்தான். அதுவும் எவ்வளவு நேரம்? ஒரு விநாடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அந்தத் தோல் தன் வேலையை முடித்துவிட்டு ரிட்டயர் ஆகிவிடும்.

இந்தத் தோலுக்கு ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் க்யூவின் நுனி வெறும் மரம். பந்தின் நட்டநடுவில் அடித்தால் போகும், கொஞ்சம் விலகினால் வழுக்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஃபிரான்சுவா மாங்கோ என்று ஒரு ராணுவ கேப்டன். அரசியல் காரணங்களுக்காகச் சிறையில் இருந்தார். அங்கே பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. நுனியில் தோலை ஒட்டி ஆடிப் பார்த்தார். பந்து சொன்ன பேச்சுக் கேட்டது! கீழே தட்டினால் பின்னால் வந்தது, பக்கத்தில் தட்டினால் சுழன்று திரும்பியது. விடுதலை நாள் வந்தபோது, 'இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கிறேனே' என்று கேட்டார் என ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, வெளியே வந்து அந்த வித்தையைக் காட்டிப் பெயர் வாங்கினார். 1827-ல் புத்தகமும் போட்டார்.

மரம் செய்ய முடியாததைத் தோல் எப்படிச் செய்தது? மரம் பந்தை முட்டும். தோல் பந்தைப் பிடிக்கும். அந்த ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு லேசாக அமுங்கிக்கொடுத்து, விட்டுவிடும். அதற்கு இரண்டு குணம் வேண்டும். ஒன்று, கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். இரண்டு, சொரசொரப்பு வேண்டும். அந்தச் சொரசொரப்பில்தான் சாக் தங்கும். பெயர்தான் சாக், நம் வாத்தியார் கரும்பலகையில் எழுதுகிற சமாசாரம் இல்லை. 1897-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதிலிருந்து, உராய்வுக்கென்றே தூள் சேர்த்துச் செய்கிற நீலக்கட்டி அது. வழவழவென்று மின்னுகிற டிப் பார்க்க அழகாக இருக்கும். ஆட்டத்துக்கு ஆகாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மார்க்கர்.

பழைய க்ளப்களுக்குப் போனவர்களுக்கு மார்க்கரைத் தெரிந்திருக்கும். பந்துகளை அடுக்கிவைப்பார். ஸ்கோர் சொல்வார். பச்சைத் துணியை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வார். மெம்பர் சார்வாள் எல்லோருக்கும் டிப் மாற்றிக்கொடுப்பார். 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி ஸ்நூக்கரைத் தொடங்கிவைத்தார் என்றும் (பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள்), நம்ம ஊட்டி க்ளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்றும் படித்திருப்பீர்கள். மேஜையைச் சுற்றி ஆடியவர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. ஸ்கோர் போர்டு பக்கத்தில் நின்றவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் மார்க்கருக்கு ஐம்பது வயதிருக்கும். அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "மார்க்கர்!" அவ்வளவுதான்.

அவர் டிப் தேர்ந்தெடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டியில் ஐம்பது வில்லை. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நீலம். என் கண்ணுக்கு ஐம்பதும் ஒன்று. அவர் ஒவ்வொன்றாக எடுத்து சிமென்ட் தரையில் போடுவார். காதைக் கொடுத்துக் கேட்பார்.

"சத்தத்தைக் கேளுங்க சார். இது 'டிக்'குங்குது. கெட்டி. இது 'டப்'புங்குது. பஞ்சு மாதிரி, ஒரு வாரத்துல நசுங்கிடும். நமக்கு ரெண்டுக்கும் நடுவுல வேணும்."

"ஒரே பெட்டியில எப்படி மார்க்கர் இவ்வளவு வித்தியாசம்?"

"தோல் சார். ஒரே மாட்டுலயே முதுகுத்தோல் வேற, வயித்துத்தோல் வேற."

ஐம்பதில் பத்துப் பன்னிரண்டு தேறும். அதில் ஒன்றை எடுத்து, தட்டையான பலகையில் உப்புத்தாளை வைத்து அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமம் செய்வார். க்யூ நுனியில் பித்தளை வளையம் இருக்கும். அதன் மேல் ஒட்டியிருக்கிற பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டுவார். "அடியில ஒரு தூசு இருந்தாலும் அது ஒட்டாது சார், ஒட்டின மாதிரி நடிக்கும்" என்பார். பசை தடவி, அழுத்திப் பிடித்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுவார். மறுநாள் க்யூவைத் தலைகீழாக நிறுத்தி, ப்ளேடால் ஓரம் சீவி, அரத்தால் மேல்பக்கத்தைக் குவிப்பார். ஒரு நாணயத்தின் விளிம்பு வளைவு எவ்வளவோ அவ்வளவு. பக்கவாட்டில் எச்சில் தொட்டு, துணியால் பரபரவென்று தேய்த்து இறுக்குவார். அது விரியாமல் இருப்பதற்கு. மேல்பக்கத்தை மட்டும் சொரசொரப்பாகவே விடுவார். கடைசியில் ஒரு வார்த்தை.

"நூறு ஷாட் பழகினப்புறம் மேட்ச்சுக்கு எடுத்துட்டுப் போங்க சார். புது டிப்பும் புது மாப்பிள்ளையும் ஒண்ணு. படியறதுக்கு டைம் ஆகும்."

சிரித்தேன். கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஜூன் மாதம் க்ளப்பின் வருடாந்திரப் போட்டி. எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டேன். நடுவில் எவனோ ஒரு நண்பன், "கெட்டி டிப் போட்டுப் பாருடா, பந்து பறக்கும்" என்றான். ஃபைனலுக்கு முந்தின நாள் சாயந்திரம் மார்க்கரிடம் போய் நின்றேன்.

"நாளைக்கு மேட்ச்ச வெச்சுக்கிட்டு வேணாம் சார். பழைய டிப் நல்லாத்தான் இருக்கு. அதுலயே ஆடுங்க."

"இல்ல, போடுங்க. அந்த கெட்டியா இருக்கே, 'டிக்'குனு சத்தம் வந்துதே, அது."

இரண்டு தடவை தடுத்தார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவர் இல்லை. க்யூவை வாங்கிக்கொண்டார்.

மறுநாள். ஹாலில் இருபது பேர். கடைசி ஃப்ரேம். மேஜையில் பிங்க்கும் ப்ளாக்கும் மட்டும் பாக்கி. நான் எட்டுப் புள்ளி பின்னால். இரண்டையும் போட்டால் கோப்பை எனக்கு. பிங்க் சுலபம். ஆனால், வெள்ளைப் பந்து பின்னால் வந்தால்தான் ப்ளாக் கிடைக்கும். கீழே தட்ட வேண்டும். பந்தின் மையத்திலிருந்து விளிம்புக்குப் போகிற வழியில் பாதி தூரம்தான் டிப்புக்கு அனுமதி. அதைத் தாண்டினால் வழுக்கும். தோல் சரியில்லை என்றால் அதற்கு முன்னாலேயே வழுக்கும்.

'டக்'கென்று ஒரு கேவலமான சத்தம். ஆடுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வயிற்றைப் பிசையும். மிஸ்க்யூ. வெள்ளைப் பந்து ஒரு குதி குதித்து, பிங்க்கை உரசிவிட்டு எங்கோ போனது. எதிராளி வந்தார். பிங்க், ப்ளாக், கோப்பை.

செக்ரட்டரி தோளில் கை வைத்தார். "என்ன ஆச்சு? அவ்வளவு ஈஸி ஷாட்!"

க்யூ நுனியைப் பார்த்தேன். இருபது பேரும் பார்த்தார்கள்.

"டிப் சரியில்லை சார்."

பொய்யா? சத்தியமாக இல்லை. டிப் சரியில்லைதான். படியாத புது டிப், தேவைக்கு மேல் கெட்டி. எந்த கோர்ட்டிலும் நிற்கும். ஆனால், யார் அந்த டிப்பைக் கேட்டது, யார் வேண்டாம் என்று தடுத்தது என்கிற இரண்டு வரியை நான் விழுங்கிவிட்டேன். கேட்டவர்கள் மிச்சத்தை அவர்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். டிப் சரியில்லை. டிப் போட்டது யார்? எல்லார் தலையும் ஸ்கோர் போர்டு பக்கம் திரும்பியது.

அவர் ஸ்கோரை அழித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வருடமும் போட்டி முடிந்ததும் மார்க்கருக்கு க்ளப் ஒரு தொகை இனாமாகக் கொடுக்கும். அந்த வருடம் செக்ரட்டரி பாதியாகக் குறைத்துவிட்டார். 'வேலையில் கவனமில்லை' என்று காரணம். ஜூன் மாதம் என்றேனே, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியவந்தது பத்து நாள் கழித்து.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று சிரிக்கிறோமே, அந்தப் பழமொழியில் ஒரு ஆள் விடுபட்டுப் போயிருக்கிறார், கவனித்தீர்களா? கூடத்தைக் கட்டிய கொத்தனார். அவள் சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கொத்தனாரின் கூலியில் யார் கை வைத்தார்கள் என்று பழமொழி சொல்வதில்லை.

கருவியைக் குறை சொன்னால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். கருவிக்கு உயிரில்லையே! ஆனால், ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது. பெரும்பாலும் நம்மைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிற கை. "ஃபைல் வரலை சார்" என்றால் பியூனுக்கு. "வண்டி லேட்" என்றால் டிரைவருக்கு. "சாப்பாடு சரியில்லை" என்றால் சமையல்காரம்மாவுக்கு. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபைலைக் கேட்டது யார், கிளம்பும்போது அரை மணி நேரம் தாமதித்தது யார், மளிகைக்குக் காசு குறைத்தது யார் என்கிற இரண்டாவது வரியை நாம் சொல்கிறோமா?

அதற்காகக் கருவி மேல் தப்பே இருக்காது என்று சொல்ல வரவில்லை. டிப் நிஜமாகவே பிய்ந்து வருவதுண்டு. பிரேக் பிடிக்காமல் போவதுண்டு. எல்லாப் பழியையும் நானே சுமப்பேன் என்பதும் ஒரு வகை நடிப்புதான். அப்படியானால் எது நியாயமான காரணம், எது சாக்கு? எனக்கு நானே வைத்துக்கொண்ட மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

முதல் கேள்வி, தேர்ந்தெடுத்தது யார்? நான் தேர்ந்தெடுத்த கருவியின் குறை, என் குறை.

இரண்டாவது, அது முன்கூட்டியே சொல்லிற்றா? தோல் ஊமை இல்லை. மின்ன ஆரம்பித்தால் சொல்கிறது. ஓரம் காளான் மாதிரி விரிந்தால் சொல்கிறது. அதைப் பார்க்க நேரமில்லாமல் போனால், அதன் பெயர் விபத்து இல்லை.

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. ஜெயித்திருந்தால், அந்தப் பெருமையை இந்தக் கருவிக்குக் கொடுத்திருப்பேனா? அன்று பிங்க் விழுந்து, ப்ளாக்கும் விழுந்திருந்தால், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "டிப் பிரமாதம் சார், மார்க்கரைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். என் கை, என் கண், என் பயிற்சி என்றுதான் போட்டோவுக்கு நின்றிருப்பேன். வெற்றியில் பங்கு கொடுக்காதவனுக்குத் தோல்வியில் பங்கு கொடுக்கிற உரிமை எங்கிருந்து வந்தது?

பத்து நாள் கழித்து மார்க்கரிடம் தனியாகப் போனேன். "நீங்க ஏன் செக்ரட்டரிகிட்ட சொல்லலை? நான்தான் கெட்டி டிப் கேட்டேன்னு?"

"டிப்பைப் போட்டது என் கை சார். ஸ்லிப் ஆனா எனக்கும் ஒரு மாதிரி இருக்கும்ல?"

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு லாரி டிரைவர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும், ஒரு குழந்தை வண்டியில் அடிபட்டுவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களுக்கும் வருத்தம்தான். ஆனால், டிரைவரின் வருத்தம் வேறு ஜாதி. 'உன் மேல் தப்பில்லை' என்று நாம் ஆறுதல் சொல்வோம். சொல்லவும் வேண்டும். ஆனால், சொன்ன அடுத்த நிமிடமே அவர் 'ஆமாம்' என்று தோளைக் குலுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனால், அவரைப் பற்றி நமக்கே ஒரு சந்தேகம் வரும். தப்பு இல்லாதபோதும் 'என் கை பட்டதே' என்று வருந்துகிறவரிடம் ஏதோ ஒரு மனுஷத்தனம் இருக்கிறது என்கிறார் வில்லியம்ஸ்.

எங்கள் மார்க்கர் வில்லியம்ஸைப் படித்ததில்லை. தப்பே செய்யாத அவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முழுத் தப்பையும் செய்த நான், நாசூக்காகக் கை கழுவிவிட்டேன்.

கதை இன்னும் முடியவில்லை. அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"இன்னொண்ணு சார். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பிங்க் ஷாட்டுக்கு முன்னாடி நீங்க சாக் போடலை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம். அவசரத்தில், கோப்பை ஆசையில், நீலக்கட்டியைத் தொடவே இல்லை!

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"மார்க்கர் ஸ்கோரைத்தான் சார் சொல்லணும்."

இந்த ஒரு வரியை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவருக்கு எல்லாம் தெரியும். டிப் தெரியும், சாக் தெரியும், யார் தப்பு என்றும் தெரியும். வாயைத் திறக்கத்தான் இடமில்லை. எனக்கு இடம் இருந்தது, வாயும் இருந்தது. உண்மையில் பாதியை மட்டும் சொல்ல அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

குறைந்த இனாம் தொகையை என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "காசு வேணாம் சார். நீங்க அன்னிக்கு ஹால்ல சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார்.

புரிந்தது. பழியை இருபது பேருக்கு முன்னால் போட்டுவிட்டு, மன்னிப்பை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்கிறேன். நாம் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறோம், இல்லையா? திட்டுவது ஹாலில், சமாதானம் அடுப்படியில்.

ஹாலில் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அடுத்த போட்டியின் பரிசளிப்பு. நானாகப் போய் மைக்கை வாங்கினேன். குரல் நடுங்கியது. கெட்டி டிப் நான் கேட்டது, அவர் தடுத்தார், நான் சாக்கும் போடவில்லை என்று மூன்று வரி சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். செக்ரட்டரி, "அட, விடுங்க சார், முடிஞ்ச கதை" என்றார். இனாம் பாக்கியை அடுத்த வாரம் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று வரிக்கு அவ்வளவுதான் செலவு. அதற்குத்தான் நான்கு மாதம்!

மார்க்கர் அப்போது பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கேட்டாரா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் க்யூவைக் கேட்டு வாங்கினார். நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மின்ன ஆரம்பித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து உப்புத்தாள் துண்டை எடுத்து, நாலு தேய்ப்பு தேய்த்து, ஊதிவிட்டு, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

இந்த வாரம் உங்கள் ஆபீஸிலோ, வீட்டிலோ ஏதாவது ஒன்று வழுக்கத்தான் போகிறது. 'டிப் சரியில்லை' என்று வாய் தானாகத் திறக்கும். திறக்கட்டும். உண்மையாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால், முழுசாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அரை நிமிடம், அன்று அவர் க்யூவைக் கொடுத்தபோது என் காதருகில் கேட்டதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

"சாக் போட்டீங்களா சார்?"